அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு: எந்தச் சட்டம் உண்மையிலேயே உதவும்?

டாலஸ்_அம்மா:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம், வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் இரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் லாக்டவுன் பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "மிஸ் லைட்டை அணைச்சதும் இப்படித்தான் இருக்கணும்மா, பேசவே கூடாது" என்று செய்து காட்டினாள். அப்புறம் கேட்டாள்: "தும்மல் வந்தா என்னம்மா பண்றது?" தோசை கருகும் வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

2023 மே மாதம் ஆலன் அவுட்லெட் மாலில் 8 பேரைச் சுட்டுக் கொன்றானே, அது எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். இறந்தவர்களில் ஒரு பெண் ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே இன்ஜினியராக இருந்தவர். அதற்கு முந்தைய வருடம் இதே டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் செத்தது 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். சுட்டவனுக்கு 18 வயது, பிறந்தநாள் முடிந்த சில நாட்களிலேயே இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி கடையில் வாங்கியிருக்கிறான்.

இப்போது என் கணவர் நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைப்போம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு கேள்வி: எந்தச் சட்டம் வந்தால் இது உண்மையிலேயே குறையும்? அதுவரை என்னைப் போன்ற ஒருத்தி என்ன செய்யலாம்?

சிட்னி_ரவி:

சகோதரி, ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர் வலதுசாரிக் கட்சிக்காரர் வேறு. விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் அவருக்கே ஓட்டுப் போட்டவர்கள். அவர்கள் கூட்டத்தில் பேசப் போனபோது சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு போனார், அவ்வளவு கோபம் இருந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானே ஏறும்) சாதாரண ஆட்கள் வைத்திருக்கத் தடை, எல்லாத் துப்பாக்கியும் பதிவு, வாங்க 28 நாள் காத்திருப்பு. தற்காப்புக்கு என்று சொன்னால் உரிமம் கிடையாது. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு வரியைக் கொஞ்சம் உயர்த்தி அந்தப் பணத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி உருக்கினார்கள்.

இங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2025 டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவுக்குக் கூடியிருந்தவர்களைச் சுட்டதில் 15 பேர் போனார்கள், சுட்ட அப்பா, மகன் இருவரில் அப்பாவிடம் இருந்தவை உரிமம் பெற்ற துப்பாக்கிகள். அதன் பிறகு சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்றுதான் இங்கே பேச்சு. ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளி முடித்துவிட்டார்கள், மேசைக்கு அடியில் ஒளிவதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

ஹூஸ்டன்_மணி:

ரவி அண்ணா சொல்வது சரிதான், ஆனால் அது இங்கே நடக்காது. நான் துப்பாக்கி வைத்திருப்பவன், சனிக்கிழமை சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போவேன், குளிர்காலத்தில் நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் போவேன். அதனால் இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குத் தெரியும்.

ஹோவர்டுக்கு முன்னால், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம் என்று ஒன்று இல்லை. இங்கே 1791-லிருந்து அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைப்பது தனிமனிதர் உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கி என்று ஒரு கணக்கு உண்டு, ஜனத்தொகையை விட அதிகம். 1994-இல் சில வகை செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்குத் தடை கொண்டுவந்தார்கள், ஏற்கெனவே வாங்கியவற்றைத் தொடவில்லை, பத்து வருடத்தில் அதுவும் காலாவதி. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் செத்த பிறகுகூட, தனியார் விற்பனையிலும் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்ற மசோதா செனட்டில் 54 ஓட்டு வாங்கித் தோற்றது, 60 வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுவால்டியில் முந்நூறுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் வந்தும் 77 நிமிடம் உள்ளே போகவில்லை. அதைப் பார்த்தவன் "யாரும் வர மாட்டார்கள், என்னை நான்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்றுதான் நினைப்பான். உங்கள் கணவர் நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் என் ரேஞ்ச் நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைஃபிளுக்கு மட்டும் 18 போதும் என்பதில் என்ன நியாயம்? 2018-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் போன அடுத்த மாதமே, குடியரசுக் கட்சி ஆளும் ஃப்ளோரிடாவில், அந்தக் கட்சி ஆளுநரே கையெழுத்துப் போட்டு வயதை 21 ஆக்கினார். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

பிளாக்ஸ்பர்க்_2007:

இதைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவனாக இருந்தேன். ஒருவன் சுட்டதில் 32 பேர் போனார்கள். அதில் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து, நாரிஸ் ஹாலில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த தமிழ்ப் பேராசிரியரும் ஒருவர். அன்று காற்று கடுமையாக அடித்தது, திடீரென்று பனித்தூறல், ஏப்ரலில். நாள் முழுக்க எல்லாரும் போனில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருந்தோம், சிலருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

சொல்ல வந்தது இதுதான். சுட்டவன் தனக்குத்தானே ஆபத்து என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதிபதி முடிவு செய்து சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தார். அந்தத் தகவல் பின்னணிச் சோதனைக்கான பட்டியலுக்குப் போகவில்லை. கடையில் சோதித்தார்கள், பெயர் சுத்தமாக வந்தது, விற்றார்கள். 2008 ஜனவரியில்தான் இப்படிப்பட்ட தகவல்களை மாநிலங்கள் அனுப்புவதற்கான சட்டம் வந்தது.

அதனால்தான் "ரெட் ஃபிளாக்" சட்டத்தை நான் விடாமல் பேசுகிறேன். ஒருவன் மிரட்டுகிறான், நிலைகுலைந்து இருக்கிறான் என்றால் குடும்பத்தாரோ போலீசோ (மாநிலத்துக்கு மாநிலம் மாறும்) நீதிமன்றத்துக்குப் போய் அவன் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கலாம். கனெக்டிகட்டில் 1999-இலேயே வந்தது, இப்போது இருபது மாநிலங்களுக்கு மேல் இருக்கிறது. டெக்சாஸில் இல்லை. மணி அண்ணா, உங்கள் உரிமையை இது தொடவில்லை. நீதிபதி முன்னால் நீங்களும் பேசலாம், தவணை முடிந்தால் துப்பாக்கி திரும்பி வரும்.

மிச்சிகன்_நர்ஸ்_அக்கா:

தங்கச்சி, உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதைத்தான் யாரும் தொடவில்லை.

பள்ளியில் சுடும் பையன்களின் கைக்குத் துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தோ உறவுக்காரர் வீட்டிலிருந்தோதான் வருகிறது. சாண்டி ஹூக்கில் அது அம்மாவுடையது. எங்கள் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-இல் நான்கு பிள்ளைகளைக் கொன்ற 15 வயதுப் பையனுக்கு, நான்கு நாளுக்கு முன்புதான் அப்பா வாங்கியிருந்தார். அன்று காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்திருந்ததைக் காட்டப் பள்ளியிலிருந்து பெற்றோரைக் கூப்பிட்டார்கள், வந்து பார்த்துவிட்டு அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். 2024-இல் இரண்டு பேருக்கும் பத்திலிருந்து பதினைந்து வருடம் சிறை.

இன்னொரு கணக்கும் உன் கணவரிடம் சொல். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அவசரப் பிரிவில் இருபது வருடமாக நிற்கிறேன். மாத்திரை விழுங்கி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், தலையில் சுட்டுக்கொண்ட பிள்ளையை அப்படி அனுப்பிய நினைவு எனக்கு இல்லை. வாங்கியே தீருவேன் என்றால் குண்டு எடுத்துவிட்டு, பூட்டி, குண்டைத் தனியாக இன்னொரு இடத்தில் பூட்டி வைக்கச் சொல். படுக்கை மேசை டிராயர் பூட்டு ஆகாது. பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும்.

அப்புறம், மகளை யார் வீட்டுக்காவது விளையாட அனுப்பும் முன்னால் கேள்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" வேர்க்கடலை அலர்ஜியைச் சொல்கிறோம் இல்லையா, அதே குரலில் கேள்.

ஹூஸ்டன்_மணி:

அக்கா சொன்னதை நூறு சதவீதம் ஏற்கிறேன். என் சேஃப் சாவி என் கழுத்தில்தான் இருக்கும். யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வராது.

டாலஸ்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிளாக்ஸ்பர்க் அண்ணா எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவில்லை. துப்பாக்கிப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். எங்கள் மாநிலப் பிரதிநிதி அலுவலகத்துக்கு போன் செய்து 21 வயது, ரெட் ஃபிளாக் இரண்டையும் சொல்லிப் பெயர் கொடுத்தேன். எங்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை, க்ரீன் கார்டுதான். இந்தத் தொகுதியில் குடியிருக்கிறேன், பிள்ளை இங்கேதான் படிக்கிறாள் என்றேன், எழுதிக்கொண்டார்கள்.

நேற்று மகளின் சிநேகிதி வீட்டில் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன், வாய் குழறியது. அந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மாடி அலமாரியில் பூட்டியிருந்த பெட்டியைக் காட்டினார். பிறகு, "என்னிடம் இதை யாருமே கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை" என்றார்.

தும்மலுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. யாராவது உங்கள் பிள்ளைக்கு ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.