சின்ன யோசனையை நம்பித் தொழில் செய்யலாமா?

ஜெலுத்தோங் மாவுக்கடை:
போன வாரம் சிறுதொழில் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். புதுத் தொழில்நுட்பம் இல்லாத யோசனையைத் தூக்கிக்கொண்டு கடன் கேட்டு வராதீர்கள் என்றார் பேசியவர். மனசு ஆறவே இல்லை. நான் தோசைமாவு அரைத்து எட்டு மளிகைக் கடைகளுக்குப் போடுகிறேன். முன்பு எது இன்றைய பை, எது முந்தாநாள் பை என்று கடைக்காரருக்கே தெரியாது. புளித்துப் போய் வாரம் இருபது பை திரும்பி வரும். அப்புறம் நாளுக்கு ஒரு நிறத்தில் ரப்பர் பேண்ட் போட்டேன். திங்கள் சிவப்பு, செவ்வாய் பச்சை. இப்போது கடைக்காரர் நிறத்தைப் பார்த்தே பழையதை முன்னால் இழுத்து வைக்கிறார். திரும்பி வருவது இரண்டோ மூன்றோதான். இதெல்லாம் யோசனையில் சேராதா?

பாயான் லெப்பாஸ் தம்பி:
நல்ல வேலைதான் அக்கா. ஆனால் பினாங்கு நிமிர்ந்தது 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம், அதாவது ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சுங்கவரி இல்லாத பகுதி, வந்த பிறகு. கணினிச் சிப் செய்யும் இன்டெல் வந்ததும் அதே வருடம். முதலீடு, இயந்திரம், பயிற்சி, இவைதான் ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன. ரப்பர் பேண்டைப் பக்கத்துக்காரர் நாளைக்கே போடுவார். உங்களுக்கு என்ன மிஞ்சும்?

ஜெலுத்தோங் மாவுக்கடை:
போட்டே விட்டார் தம்பி. அதுவும் அவருக்குத் திங்கள் என்றால் மஞ்சள். கடைக்காரர் குழம்பி என் புதுப் பையைத் திருப்பி அனுப்புகிறார். வயிறு எரிகிறது. ஆனாலும் கடலூர் சின்னிகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தவர். பாட்டில் வாங்க முடியாதவர்கள் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்புவைப் பாக்கெட்டிலேயே விற்று வளர்ந்தார்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
காலிப் பாக்கெட்டெல்லாம் சாக்கடையை அடைக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் கிரேன்:
நான் துறைமுகத்தில் கொள்கலன் தூக்குகிறவன். 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 கொள்கலன் பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். தம்பி சொல்வது சரி, கப்பல், கிரேன், துறைமுகம் எல்லாம் மாறாமல் வெறும் பெட்டியால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் பெட்டியின் மூலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓட்டை போட்ட இரும்பு வார்ப்பு ஒன்று இருக்கும். மேலிருந்து கிரேனின் தூக்குச் சட்டமான ஸ்பிரெடர் இறங்கும், நாலு கொண்டிகளும் ஓட்டைக்குள் நுழைந்து கால் வட்டம் திரும்பும், பூட்டிக்கொள்ளும். ஆள் மேலே ஏறிக் கொக்கி மாட்ட வேண்டியதில்லை. கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதன் காப்புரிமையை மெக்லீன் 1960களில் எல்லோருக்கும் இலவசமாக விட்டார். கம்பெனிக்கு ஒரு பூட்டு என்றால் எந்தத் துறைமுகம் தூக்கும்? அக்கா, பக்கத்துக்காரர் காப்பியடித்தது உங்கள் பிரச்சினையே இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு நிறம் போடுவதுதான்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
இது நியாயம். இருந்தாலும் எட்டுக் கடை எண்பதாக வேண்டுமானால் பெரிய கிரைண்டருக்குப் பணம் வேண்டும். அதில் நான் மாறவில்லை.

ஜெலுத்தோங் மாவுக்கடை:
கிரைண்டர் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அதற்குத்தானே கடன் கேட்கப் போனேன். சரி, நாளைக் காலை பக்கத்துக்காரரைப் பார்க்கிறேன். திங்களுக்கு மஞ்சள்தான் வேண்டுமென்றால் நானே மாற்றிக்கொள்கிறேன்.