படப்பிடிப்புக் குழுவில் காய்ச்சல் புகுந்தால்? (அனுபவப் பகிர்வு)

வேம்பு:
ஜோடி ஜோடியாக உலகைச் சுற்றி ஓடும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான 'தி அமேசிங் ரேஸ்' 33ஆவது சீசனை இப்போதுதான் பார்த்து முடித்தேன். லண்டன், ஸ்காட்லாந்து என்று ஓடிக்கொண்டிருந்தவர்களை 2020 பிப்ரவரி இறுதியில் கொரோனா நிறுத்தியது. 2021 செப்டம்பரில்தான் சுவிட்சர்லாந்தில் மீண்டும் தொடங்கினார்கள். நான்கு ஜோடிகள் திரும்பி வரவில்லை. முன்பே தோற்றுப் போன இரண்டு ஜோடிகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது உலகையே மூடிய நோய். வெறும் ஃப்ளூ பரவினால் இப்படிப்பட்ட படப்பிடிப்பு என்ன பாடுபடும்? அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஒலிக்காரன்:
நான் பார்த்திருக்கிறேன். 2009 ஜூன், சிங்கப்பூர். அப்போது அங்கே பன்றிக்காய்ச்சல் (அதுவும் ஒரு வகை ஃப்ளூதான்) நோயாளிகளுடன் பழகியவர்களைத் தேடிப் பிடித்து ஏழு நாள் தனிமையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுச் சேனலின் பயணப் போட்டி படப்பிடிப்புக்கு வந்தது. பெயர் வேண்டாம். உள்ளூர் ஒலிப்பதிவுக்கு என்னை எடுத்திருந்தார்கள்.

ஓடுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்பது முதலில் ஒலிப்பதிவாளருக்குத்தான் தெரியும். காலர் மைக் நெஞ்சருகில் இருப்பதால் ஹெட்போனில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். காலையில் கணீரென்றிருந்த ஓர் இளைஞனின் குரல் மதியத்துக்குள் மூக்கடைத்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு செருமல். கேட்டதற்குத் "தூசு" என்றான். வேறென்ன சொல்வான்? இருவரில் ஒருவர் படுத்தாலும் ஜோடியே வெளியே போக வேண்டும் என்பது விதி. பரிசுப் பணம் கண்முன்னே நிற்கும்போது யாரும் காய்ச்சலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதன் பிறகு டாக்ஸிப் பயணம். போட்டியாளர் இருவர், கேமராக்காரர், நான், ஓட்டுநர். தெருச் சத்தம் பதிவாகிவிடும் என்று ஜன்னல்களை ஏற்றச் சொன்னதும் நான்தான். ஏசி இரைகிறது என்று அதையும் அணைக்கச் சொன்னதும் நான்தான். எங்கள் தொழிலில் அது வழக்கம். ஐந்து பேரும் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு ஊரைக் குறுக்காகக் கடந்தோம்.

சுற்று முடிந்ததும் கேமராக்காரரையும் ஒலிப்பதிவாளரையும் வேறு ஜோடிக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே ஜோடியுடன் பழகிப் பழகிச் சலுகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், ஆனால் காய்ச்சலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி. அடுத்த நாட்டு விமான நிலையத்தில் வெப்பமானியில் சிக்கியது அந்த இளைஞன் அல்ல, எங்கள் கேமராக்காரர். அதற்குள் அவர் வேறொரு ஜோடியுடன் பறந்து இறங்கியிருந்தார்.

குமிழி:
ஒலிக்காரன் அண்ணா, அந்த இளைஞன் மட்டும் எப்படித் தப்பினான்?

ஒலிக்காரன்:
பாராசிட்டமால் விழுங்கியிருப்பான் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். யாரும் நிரூபிக்கவில்லை.

செவிலி_ஜே:
மாத்திரையே வேண்டாம் தம்பி. ஃப்ளூ கிருமி உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வரும். ஆனால் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாள் வெப்பமானிக்குத் தெரியாது. இரண்டு நாளைக்கு ஒரு நாடு மாறுகிற கூட்டத்தில் தொற்றுவது ஓர் ஊரில், இருமுவது இன்னோர் ஊரில், படுப்பது மூன்றாவது ஊரில்.

வேம்பு "வெறும் ஃப்ளூ" என்று எழுதியதில் எனக்கு வருத்தம்தான். தடுப்பூசி போட்டுக்கொண்டு கிளம்பினால் போதாதா என்று கேட்பீர்கள். போட்டுக்கொள்ள வேண்டும், பலன் தரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதோடு உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கு ஒரு முறை, தென் அரைக்கோளத்துக்கு ஒரு முறை என்று ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய கிருமி வகைகளைப் பரிந்துரைக்கிறது. ஜூலையில் ஐரோப்பாவில் ஃப்ளூ அடங்கியிருக்கும், ஆஸ்திரேலியாவில் அது உச்சத்தில் இருக்கலாம். உலகைச் சுற்றுகிற போட்டி, ஒரு ஃப்ளூ பருவத்திலிருந்து தப்பி நேரே இன்னொன்றுக்குள் போய் இறங்கும்.

துறைமுகத்தான்:
2009 மே முதல் தேதி நான் வியாபார வேலையாக ஹாங்காங்கில் இருந்தேன். வான்சாயில் ஒரு ஹோட்டலில் தங்கிய மெக்சிகோ பயணி ஒருவருக்குப் பன்றிக்காய்ச்சல் உறுதியானது. ஹாங்காங்கின் முதல் நோயாளி. அன்று இரவே விருந்தினர், ஊழியர் என்று சுமார் முந்நூறு பேரையும் உள்ளே வைத்து ஏழு நாள் பூட்டிவிட்டார்கள். நான் அடுத்த தெருவில் தங்கியிருந்தேன். வாசலில் முகக்கவசம் போட்ட போலீசார் வரிசையாக நின்றார்கள். மேல்மாடி ஜன்னல்களில் ஆட்கள் கைப்பேசியோடு நின்றார்கள்.

இந்தப் போட்டிகளை மூன்று, நான்கு வாரங்களில் எடுத்து முடிக்கிறார்கள். இரவு தங்குமிடம் ஒன்று இப்படிப் பூட்டப்பட்டால் அதில் ஒரு வாரம் போச்சு. அடுத்த ஊர்களில் வாங்கிய அனுமதி, பிடித்த சந்தை, பேசிவைத்த படகுக்காரர் யாரும் ஒரு வாரம் காத்திருக்கப் போவதில்லை.

நாடோடி:
அதனால்தான் 33ஆவது சீசன் மீண்டும் தொடங்கியபோது தனி விமானம் அமர்த்தினார்கள், ஒரு போயிங் 757. பாதுகாப்பு சரி. ஆனால் டிக்கெட் கவுன்டரில் அலைந்து, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு அழுகிற காட்சிகள் எல்லாம் போய்விட்டன. எல்லோரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது கல்லூரிச் சுற்றுலா. ஆஸ்திரேலியப் பதிப்பு 2021இல் முழுக்கத் தன் நாட்டுக்குள்ளேயே ஓடியது. அது எவ்வளவோ மேல் என்பேன்.

வேம்பு:
செவிலி அக்கா, "வெறும்" என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒலிக்காரன், உங்களையும் தனிமையில் வைத்தார்களா?

ஒலிக்காரன்:
வைத்தார்கள், வீட்டிலேயே. வேளைக்கு வேளை தொலைபேசி வரும், எடுத்தாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தயாரிப்பு அலுவலகத்தில். எங்கெங்கே போனீர்கள், யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று சுகாதார அதிகாரி கேட்கிறார். போட்டியின் பாதை ஒளிபரப்பு வரை ரகசியம். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று தயாரிப்பாளர் அரை நாள் இழுத்தார். விமானப் பயணிகள் என்றால் இருக்கை எண்ணை வைத்து அருகில் இருந்தவர்களைப் பிடிக்கலாம். கடைவீதியில் வழி கேட்டு ஓடியவர்களுக்கு இருக்கை எண் ஏது?

குமிழி:
டாக்ஸி ஓட்டுநர் என்ன ஆனார்?

ஒலிக்காரன்:
அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. வண்டி எண்ணும் குறித்து வைக்கவில்லை. கடைசியில் ஒளிப்பதிவு நாடாவைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பக்கம் வைத்திருந்த ஓட்டுநர் அடையாள அட்டை ஒரு காட்சியில் தெளிவாக விழுந்திருந்தது. அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தச் சேனலில் வரும் என்று மட்டும் கேட்டாராம். அதுவும் ரகசியம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார்.