மறு: மறு: கால்கேரியஸ் லோம் – தமிழில் என்ன?

அன்புடையீர்,

உலக மண்வகைகள் பாடநூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போயாக வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மேய்ச்சல் நிலங்களைப் பற்றிய இயலில் முட்டி நிற்கிறேன். அங்கே மண், மழை, செடிகொடி எல்லாவற்றையும் பார்த்து நிலத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். அப்படி ஒரு பெயர் 'ஷேலோ கால்கேரியஸ் லோம் 8-10'. கடைசியில் உள்ளது ஆண்டு மழை, அங்குலக் கணக்கு. நமக்குச் சுமார் 200 முதல் 250 மி.மீ. அதில் பெரும்பங்கு குளிர்காலப் பனியும் இளவேனில் மழையும்தான். செடி என்று பார்த்தால் நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த குட்டையான சேஜ் புதர், இடையிடையே கொத்துக் கொத்தாய்ப் புல்.

'ஷேலோ'வுக்கு 'ஆழங்குறைந்த' என்று போட்டுவிட்டேன். மீதியில் 'கால்கேரியஸ்' என்றால் சுண்ணாம்புள்ள, 'லோம்' என்றால் மணலும் வண்டலும் களியும் கலந்த மண். அதற்கு இப்போதைக்கு 'சுண்ணாம்பு இருமண்பாடு'. மேம்படுத்தித் தாருங்கள்.
– ச.

---

ச. அவர்களுக்கு,

சுண்ணாம்பு வேண்டாம். சூர்ணத்தின் வழி வந்த சொல். நமக்கு 'நீறு' இருக்கிறது. நீற்றுதல் என்ற வினையும் இருக்கிறது. 'இருமண்பாடு' துறைக்காரர்கள் ஒட்டுப்போட்ட சொல், 'இருபொறை' என்பதே செப்பம். என் கருத்தில் இதில் 'இரு' இரண்டு அன்று. 'இரும்' என்பதன் குறுக்கம், பெரிய என்று பொருள். பொறை என்றால் பாரம், குன்று, நிலம். சேரர் 'இரும்பொறை' என்று பட்டம் சூடியது ஏன் என்று யாராவது யோசித்ததுண்டா? வளமான மண்ணை ஆண்டவர்கள் என்பதால்தான் என்பது என் ஊகம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் மோசிகீரனார் கண்ணயர்ந்த கதையையும் இந்தக் கோணத்தில் மறுவாசிப்புச் செய்யலாம். விரிவாகப் பின்னர் எழுதுகிறேன். என் பரிந்துரை: நீற்றிருபொறை.
– ஞா.

---

ஞா. ஐயா, புலவர் தூங்கட்டும், நாம் மண்ணுக்கு வருவோம்.

'நீறு' என்றால் மாணவர் சாம்பல் என்றுதான் படிப்பார். இந்த ஊர் மண்ணில் அது வெறும் குழப்பத்தோடு நிற்காது, தப்பாகவே போகும். நெவாடாவின் மாநில மண்ணான ஒரோவாடாவில், காற்று கொண்டுவந்து சேர்த்த புழுதியோடு எரிமலைச் சாம்பலும் நிறைய உண்டு. நிஜச் சாம்பல் கிடக்கிற நாட்டில் சுண்ணாம்புக்கும் நீறு என்று பெயர் வைத்தால் எதை எது என்பது?

அடுத்தது, இந்த மண் சுண்ணாம்பு அல்ல. சுண்ணாம்பு ஏறிய மண். கிழக்கு நெவாடா மலைகளில் பெரும்பகுதி பழைய கடலடிச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். அந்தத் தூசு மேலே விழுந்துகொண்டே இருக்கிறது. பனி உருகும் நீர் அதைக் கரைத்துக் கீழே இறக்கும். சர்க்கரை வெந்நீரில் வேகமாகக் கரையும், இது நேர்மாறு: நீர் குளிர்ந்திருந்தால் கரியமில வாயுவை அதிகம் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பையும் அதிகம் கரைக்கும். ஆனால் இவ்வளவு கொஞ்ச மழை அதை முழுக்க அடித்துக்கொண்டு போகாது. வேர்கள் நீரை உறிஞ்சியதும் பாதி வழியிலேயே படிந்துவிடும். முதலில் கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு, பிறகு முடிச்சுகள், காலம் போனால் கடப்பாரை இறங்காத படை. அமெரிக்க வகைப்பாட்டில் பொதுவாக 15 செ.மீ. கனமும் நூற்றுக்குப் 15 பங்கு சுண்ணாம்பும் இருந்தால்தான் சுண்ணாம்பு சேர்ந்த பகுதியைத் தனி அடுக்காகவே கணக்கில் எடுப்பார்கள் (வேறு நிபந்தனைகளும் உண்டு). 'ஆழங்குறைந்த' என்பதும் இதனால்தான்: அரை மீட்டருக்குள் பாறையோ கெட்டிப்படையோ தட்டிவிடும்.

ஆகவே 'சுண்ணாம்பேறிய இருமண்பாடு'. கெட்டிப்படைக்கு நம் கிணறு வெட்டுகிறவர்கள் சொல்லும் 'சுக்கான்' இருக்கவே இருக்கிறது.
– க.

---

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு சுற்றுவானேன்? 'களர்' என்ற அருமையான சொல் இருக்கிறதே! "பயவாக் களரனையர் கல்லா தவர்" என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். 'களர் இருபொறை' என்றால் ஓசையும் நன்று.
– வே.

---

வே. அவர்களே, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். களர் என்பது சோடியம் மிகுந்து காரத்தன்மை (pH அளவு) 8.5-ஐத் தாண்டிய மண். நீர் இறங்காது, கால்சியம் தரும் ஜிப்சம் போடச் சொல்வோம். இங்கே பேசுவது பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே நிற்கும். பயிருக்கு வரும் சிக்கலும் வேறு: மணிச்சத்து கட்டுண்டுபோகும், இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிட்டாது. கோவைப் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலைக் கொழுந்து வெளுத்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) தெளிக்கச் சொல்கிறோமே, அந்தச் சிக்கல். களர் என்று அச்சிட்டால் படித்துவிட்டு ஜிப்சம் மூட்டை தூக்கி வருவார்கள். கால்சியம் ஏற்கெனவே கொட்டிக்கிடக்கிற மண்ணுக்கு அது எதற்கு?

சந்தேகம் இருந்தால் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு. களருக்கு அந்த வேலை செல்லாது; களரிலும் சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கத்தான் செய்யும், சோடியத்தை ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும்.
– க.

---

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சொல். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது 'இருவாட்டி மண்'. அதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? ச. தம்பியின் நூலை எங்கட பிள்ளைகளும் வாசிக்கத்தானே போகினம்.

இன்னொன்று. லோமில் மணல், வண்டல், களி மூன்றும் இருக்கு. களி நூற்றுக்கு 7 முதல் 27, வண்டல் 28 முதல் 50, மணல் 52-க்குள் என்று முக்கோண வரைபடத்தில் போட்டிருக்கு. 'இருமண்' என்றால் மூன்றாவது எங்கே?
– த.

---

த. அக்கா, விரலால் உருட்டிப் பார்க்கிற விவசாயிக்கு நறநறப்பும் பிசுபிசுப்பும்தான் பிடிபடும். வண்டல் மாவுபோல நழுவிவிடும். அவர் இரண்டு என்று சொன்னது கைக்கணக்கு, ஆய்வகக் கணக்கு அல்ல. இருவாட்டிக்கு நான் எதிரியில்லை.
– க.

---

மும்மண் என்று வைக்கலாமே?
– வே.

---

அப்படியானால் 'இரும்' என்ற என் விளக்கம்தான் மூன்றுக்கும் ஒத்துவருகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். 'ஏறிய' என்ற எச்சத்தைக் கலைச்சொல்லின் தலையில் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சொல் வேண்டும் என்றால் சொற்றொடர் தருகிறீர்கள்.
– ஞா.

---

அன்புடையீர்,

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'சுண்ணாம்பேறிய இருமண்பாடு' என்றே அனுப்பிவிட்டேன். சொல்லடைவில் 'இருவாட்டி, இருபொறை என்றும் வழங்கும்' என்று சேர்த்திருக்கிறேன். கெட்டிப்படைக்குச் 'சுக்கான் படை'. 'ரேஞ்ச்லேண்ட்' மேய்ச்சல் நிலமாகவே போகிறது. 'புறவு' என்று தனிமடலில் எழுதியவருக்கு நன்றி, மாணவர்கள் புறா என்று படித்துவிடுவார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அதே இயலில், சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்கா இறுக்கிய படை ஒன்று வருகிறது, 'டியூரிபேன்'. அமிலம் விட்டாலும் இளகாதாம். அதையும் சுக்கான் என்று சொல்ல முடியாது. அச்சுப்படி திருத்தத்துக்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது.
– ச.

---

வன்பொறை.
– ஞா.