பதின்மூன்று வார் டாக் கொண்டு போனது தப்பா?

தாயக்கட்டை:
நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு கிளப்பில் வார்ஹேமர் 40,000 ஆடுகிறேன், பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தித் தாயம் உருட்டும் போர் விளையாட்டு. அடுத்த மாதம் டோர்னமென்ட், அதனால் போன வியாழன் ஆட்டத்துக்கு அதற்குப் போட்ட படை லிஸ்ட்டையே எடுத்துப் போனேன்: 2000 புள்ளி (ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளி விலை, இரு பக்கமும் கூட்டினால் ஒரே அளவு), கேயாஸ் நைட்ஸ் என்ற ராட்சத இயந்திரப் படை, அதில் பதின்மூன்று வார் டாக் இயந்திரம், வேறு எதுவும் இல்லை. எதிரில் உட்கார்ந்தது கல்லூரி முதல் வருடப் பையன், அவனுக்கு இது நான்காவதோ ஐந்தாவதோ ஆட்டம். ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர்களை ஐந்து மாதமாகப் பெயின்ட் அடித்திருக்கிறான், ஒவ்வொருத்தன் தோளிலும் படை எண் கையால் எழுதியிருந்தது. இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் அவனிடம் மிச்சம் ஏழு பேர். கத்தவில்லை, முறைக்கவும் இல்லை, கை கொடுத்துவிட்டு ஒவ்வொரு பொம்மையாக ஸ்பாஞ்ச் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்விட்டான். இந்த வாரம் என்னோடு ஆட கிளப்பில் யாருமே பெயர் கொடுக்கவில்லை. விதிப்படிதானே ஆடினேன்?

இரும்புக்கை:
இதில் என்ன தப்பு? புள்ளிக் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். டாங்கைத் துளைக்க ஒன்றுமே எடுத்து வராமல் தோற்றுவிட்டு முகம் தூக்கினால் அது அவன் பிரச்சினை. டாங்கைத் துளைக்கும் லாஸ்கேனன் துப்பாக்கி நாலு எடுத்து வரச் சொல்லுங்கள். செஸ்ஸில் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடச் சொல்கிறோமா?

பழையகோட்டை:
செஸ்ஸில் இரண்டு பேருக்கும் அதே பதினாறு காய், பாஸ். அந்த உதாரணம் இங்கே ஒட்டாது.

கணக்கையே போட்டுப் பாருங்கள். பத்து இன்டர்செஸர், அதாவது சாதாரண மரீன்கள், சேர்ந்து வார் டாக்கைச் சுட்டால் இருபது தாயம். 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும், சுமார் பதின்மூன்று. துப்பாக்கி பலம் 4, வார் டாக் உறுதி 10, ஆகவே 6 விழுந்தால்தான் காயம், அது இரண்டு. அதிலும் பாதியை அது தடுத்துவிடும். ஆக பத்துப் பேர் ஒரு முறை முழுசாகச் சுட்டு, பன்னிரண்டு உயிர் உள்ள மிருகத்திடம் ஒரு உயிரைப் பிடுங்குகிறார்கள். அது மாதிரி பதின்மூன்று! அவன் தாயம் உருட்டும்போது எதையும் தீர்மானிக்கவில்லை, எல்லாம் நீங்கள் வீட்டில் லிஸ்ட் போட்டபோதே முடிந்துவிட்டது.

விதி என்கிறீர்கள், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2018இல் டைரனிட் படை வைத்திருந்த ஆட்கள் பறக்கும் ஹைவ் டைரன்ட் என்ற பெரிய மிருகத்தையே மேசை முழுக்க நிறுத்தினார்கள். அந்த ஏப்ரலில்தான் 2000 புள்ளிப் போட்டிகளில் அடிப்படைப் படைகளைத் தவிர ஒரே டேட்டாஷீட், அதாவது ஒரே வகை, மூன்றுக்கு மேல் கூடாது என்று ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வரம்பு போட்டது. உங்கள் லிஸ்ட் அதைத் தாண்டுவது எப்படி? பிரிகண்ட், கார்னிவோர், ஹன்ட்ஸ்மன், ஸ்டாக்கர், எக்ஸிக்யூஷனர் என்று வார் டாக்குக்கே ஐந்து பெயர், ஐந்து டேட்டாஷீட், ஆனால் உறுதியும் உயிரும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சட்டப்படி சரிதான், வரம்பு எதற்காக வந்ததோ அது மட்டும் காற்றில் போய்விட்டது. டோர்னமென்ட்டில் இதைச் செய்யுங்கள், கை தட்டுவேன், அங்கே எல்லோரும் கத்தியோடுதான் வருகிறார்கள்.

தாயக்கட்டை:
கணக்கு புரிகிறது. ஆனால் என்னிடம் இருக்கும் படையே இதுதான், ஒரு வருடமாகப் பெயின்ட் அடித்தது. பயிற்சிக்கு நான் எங்கே போவேன்? வேண்டுமென்றே மட்டமாக ஆடினால் அது அவனைக் குழந்தையாக நடத்துவது மாதிரி ஆகிவிடாதா?

வெண்கலமணி:
மட்டமாக ஆடவே கூடாது, அது கண்டிப்பாகத் தெரிந்துவிடும். என் மச்சான் ஒருத்தன் அப்படி விட்டுக்கொடுத்தான், நான் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

புள்ளிதான் வினை, அதைத் தூக்கிவிடலாம் என்றும் யாராவது ஆரம்பிப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2015இல் அதே கம்பெனியின் இன்னொரு ஆட்டமான ஏஜ் ஆஃப் சிக்மார் புள்ளியே இல்லாமல்தான் வந்தது, பிடித்ததை வைத்து ஆடுங்கள் என்றார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு ஆட்டத்தைத் தொடங்கவே வழி தெரியவில்லை, அடுத்த வருடமே புள்ளியைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதே மாதிரி, எல்லாப் படையும் 45க்கும் 55க்கும் இடையில் வெற்றி சதவீதம் காட்ட வேண்டும் என்று கம்பெனி அடிக்கடி புள்ளியை மாற்றுகிறதே, அது டோர்னமென்ட் கணக்கு. வியாழக்கிழமை மேசைக்கு அது ஒரு உதவியும் செய்யாது.

பயிற்சி வேண்டுமென்றால் கிளப் குரூப்பில் "டோர்னமென்ட் லிஸ்ட், அடி விழும், யார் வருகிறீர்கள்" என்று நேரடியாகப் போடுங்கள். அப்படிக் கேட்டால் வர இரண்டு பேராவது இருப்பார்கள். அந்தப் பையனோடு ஆட வேண்டுமென்றால் 1000 புள்ளி, லிஸ்ட்டை நாலு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் படையை மாற்றிக்கொள்ளுங்கள், அவன் உங்கள் வார் டாக்கோடு வரட்டும், நீங்கள் அவனுடைய மரீனோடு நில்லுங்கள்.

இரும்புக்கை:
என் பெயின்ட் அடித்த நைட்டை இன்னொருத்தன் கையில் கொடுப்பதா? சாமி, அதற்கு நான் தோற்றே போகிறேன்.

தாயக்கட்டை:
பையனுக்கு மெசேஜ் போட்டேன், படை மாற்றி ஆடலாமா என்று. மூன்று மணி நேரம் பதிலே இல்லை, சரி அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் வந்தது: வருகிறானாம், ஆனால் தோளில் 7 என்று எழுதிய சார்ஜென்ட் சாகக் கூடாதாம். இருபது தாயத்துக்கு ஒரு உயிர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அவனை எங்கே ஒளித்து வைப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.