ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நிகழ்தகவை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேலூர்க்காரி:
மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு கலந்து பதினோரு பிள்ளைகள், திண்ணையில்தான் வகுப்பு. நிகழ்தகவு ஒன்பதாவதில் பாடமாக வரும்போது சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் இப்போதே விளையாட்டாக ஆரம்பிக்கலாமென்று ஒரு ஐந்து ரூபாய்க் காசோடு உட்கார்ந்தேன். ஒரு காசு வரை சரியாகத்தான் போனது. அப்புறம் எட்டாவது படிக்கிற ஒருவன், "அலங்காநல்லூர்ல மாடு பிடிபடும், இல்லாட்டி பிடிபடாது, ரெண்டுல ஒண்ணு, அப்ப அதுவும் பாதிதானக்கா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. சமாளித்து இரண்டு காசுக்குப் போனால், ரெண்டும் தலை, ரெண்டும் பூ, ஒண்ணு தலை ஒண்ணு பூ, அதனால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தப்பு என்று சொல்லிவிட்டேன், ஏன் தப்பு என்று புரியவைக்க முடியவில்லை. யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

சாக்பீஸ்தூள்:
இதற்காக உங்கள் பிள்ளைகளைத் திட்டாதீர்கள் டீச்சர். பிரான்சின் பெரிய கணித அறிஞர் தாலம்பேரே 1754-இல், காசை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று. அவரும் வழிகளை எண்ணினார், எல்லா வழியும் சமமா என்று பார்க்காமல் விட்டுவிட்டார். நான் செய்வது, ஒரே மாதிரி இரண்டு காசு கொடுக்கமாட்டேன். ஒரு ஐந்து ரூபாய், ஒரு ஒரு ரூபாய். ஐந்து ரூபாய் தலை, ஒரு ரூபாய் பூ என்பதும், அது பூ, இது தலை என்பதும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். மொத்தம் நான்கு.

வைகைக்கரை:
காசை ஓரமாக வையுங்கள். தாயக்கட்டை இல்லாத வீடு உங்கள் ஊரில் இருக்காது. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், 0, 1, 2, 3 புள்ளி. முதலில் உருட்டாமலே கேளுங்கள், எது விழுவது ரொம்பக் கஷ்டம்? எல்லாரும் தாயம், அதாவது ஒன்று, என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், அதற்காகக் காத்துக் காத்து நொந்திருப்பார்கள். பிறகு தரையில் சாக்பீஸால் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, ஒரு கட்டையை மேலேயும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் எழுதி, பதினாறு கட்டத்திலும் கூட்டுத்தொகையை நிரப்பச் சொல்லுங்கள். மூன்று நாலு கட்டத்தில் வரும். தாயம் இரண்டு கட்டத்தில், ஐந்தும் அதே இரண்டில். ஆறுக்கு ஒரே கட்டம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் ஆட்டத்தில் பன்னிரண்டு என்று எண்ணுவோமே, அதற்கும் ஒன்றே ஒன்று. தாயத்தைவிட ஆறு இரண்டு மடங்கு அரிது, ஆனால் ஆறு விழவில்லையே என்று யாரும் அழுததில்லை, அவ்வளவுதான் விஷயம். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப எட்டு தடவை உருட்டுனா ஒரு தாயம் கண்டிப்பா விழுமா?" என்றாள். விழாது. எட்டு தடவையும் ஏமாற்றுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் நடக்கும். கணக்கு இப்போது வேண்டாம், உருட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.

டவுன்ஹால்ரோடு:
லாட்டரியையே 2003-இல் ஒழித்த ஊரில் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பையில் கலர் மணி போட்டு எடுத்தால் போதாதா?

வைகைக்கரை:
காசு வைத்து ஆடச் சொல்லவில்லையே அண்ணே. பக்கத்துக் கீழடியில் தந்தத்தில் செய்த பகடையே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது, நம்ம ஆட்கள் எப்போதிருந்தோ உருட்டுகிறார்கள். மணியும் நல்லதுதான், ஆனால் அதன் மேல் பிள்ளைகளுக்குப் பழைய கோபம் எதுவும் இருக்காது, தாயத்தின் மேல் இருக்கும்.

புளியமரத்தடி:
மாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, அதுதான் அருமையான கேள்வி. புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கருப்பு அல்லது வெள்ளை, இரண்டே வழி. நூறு தடவை போட்டு எண்ணச் சொல்லுங்கள், ஐம்பதுக்கு ஐம்பதாகத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை, கொட்டையின் வடிவம் அப்படி. வழி இரண்டு என்பதால் பாதி ஆகிவிடாது, இரண்டும் சமவாய்ப்பாக இருந்தால்தான் பாதி. இல்லையென்றால் எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஒன்பதாவது புத்தகத்தில் பட்டறி நிகழ்தகவு என்பது இதுதான். அடுத்த பொங்கலுக்கு டிவியில் ஜல்லிக்கட்டு போடும்போது, வாடிவாசலிலிருந்து வருகிற மாடு ஒவ்வொன்றுக்கும் கோடு போடச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று தாயக்கட்டையை 160 தடவை உருட்டினோம். மூன்று 43, ஐந்து 22, தாயம் 17. கட்டத்தைப் போட்டுக் காட்டியும், "ஐஞ்சவிடக் கொறஞ்சுதான விழுந்துருக்கு, நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று ஒரே கூச்சல். 160 போதாது, இன்னும் உருட்டினால் மொத்தத்தில் இரண்டின் பங்கும் நெருங்கி வரும் என்றேன். மாட்டுக் கேள்வி கேட்டவன் கட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், இன்றைக்குச் சாயங்காலம் ஆயிரத்தோடு வருவானாம்.