குரல்பதிவுப் பயிற்சி: முதல் பிள்ளை சொன்னதையே எல்லாரும் சொல்றாங்க

பொங்கோல்_டியூஷன்:
சிங்கப்பூரில் தமிழ் டியூஷன்: தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு), எட்டுப் பிள்ளைகள். வாய்மொழித் தேர்வுக்காக வாரம் ஒரு படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் குரல்பதிவு கேட்கிறேன். முதல் பதிவு வந்ததும் மற்ற ஏழிலும் அதே வாக்கியங்கள். அதுவும் எழுதி வைத்து வாசித்த மாதிரி: “சிறுவன் தட்டினை எடுத்துச் செல்கிறான்.” எப்படிச் சரிசெய்வது?

ஈசூன்_தமிழ்:
பதில் குழுவுக்கே வரக்கூடாது டீச்சர். வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ தொடங்குங்க. அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் பதிவிட முடியும், பெற்றோர் நம்பரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. குரல்பதிவு உங்களுக்குத் தனியா வரட்டும். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயசு 13, அதனால பெற்றோர் போன்லதான் நடக்கணும். அவங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்தைக் கேட்டு வச்சுக்குங்க.

வாசிக்கிற மாதிரி வர்றதுக்குக் காரணம் அவகாசம். ஒரு நாள் கொடுத்தா பிள்ளை எழுதும், அம்மா திருத்துவாங்க. இன்னொரு காரணம் உங்க கேள்வி. எழுத்துல கேட்டா எழுத்துத்தமிழ்லதான் பதில் வரும். நீங்களே குரல்ல கேளுங்க: “உணவங்காடியில சாப்பிட்டு முடிச்சதும் உங்க வீட்ல யாரு தட்ட எடுத்துட்டுப் போவாங்க?” அவங்கவங்க வீட்டுக் கதையைக் காப்பியடிக்க முடியாது. 40 வினாடி போதும், நிறுத்தாம ஒரே பதிவா.

ஜூரோங்_வாசகி:
திருத்துவதிலும் கவனம் வேண்டும். “அவன் ட்ரேய ரிட்டர்ன் பண்றான்” என்று பிள்ளை சொன்னால் பிழைப் பட்டியல் அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் இரண்டே சொல்லில் முடித்துவிடும். “ஓ, தட்டத் திருப்பி வைக்கிறானா? எதுக்கு?” என்று குரலிலேயே கேளுங்கள். பதில் சொல்லும்போது ‘திருப்பி வைக்கிறான்’ தானாக வாயில் வரும். ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான்.

உச்சரிப்புக்கு மட்டும் நேரடியாகச் சொல்லலாம். ‘பழம்’ என்பது ‘பளம்’ ஆனால், நீங்கள் மூன்று முறை நிதானமாகச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளை தன் பதிவையும் உங்களுடையதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பப் பதியட்டும். கேட்காமல் திரும்பச் சொன்னால் அதே ‘பளம்’தான்.

பொங்கோல்_டியூஷன்:
நன்றி. படத்துக்குப் பதில் காணொளி போடலாமா?

ஈசூன்_தமிழ்:
கண்டிப்பா. பிஎஸ்எல்இ, அதான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதோட தாய்மொழி வாய்மொழித் தேர்வுல 2017லேர்ந்து காணொளிதானே. அரை நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும். பிள்ளை இரண்டு தடவை பார்த்துட்டு, போனைக் கவுத்து வச்சுட்டுப் பேசணும். பார்த்துக்கிட்டே பேசினா “இவன் வர்றான், அவன் போறான்”னு வர்ணனை மட்டும்தான் வரும், கருத்து வராது.