டைனமோ உள்ள பழைய அம்பாசடருக்கு எந்த மின்சார ரேடியேட்டர் ஃபேன் பொருந்தும்?

அல்சூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடர் ஒன்று இருக்கிறது. ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை ஓட்டிச் சென்றாலும் வெப்பமானியின் முள் நடுவை விட்டு நகர்வதில்லை. ஆனால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் கால் மணி நேரம் ஊர்ந்தால் போதும், முள் மேலேறிவிடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, தெர்மோஸ்டாட்டும் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) புதியது. ஆகவே பெல்ட்டில் சுற்றும் ஃபேனை எடுத்துவிட்டு மின்சார ஃபேன் பொருத்த எண்ணுகிறேன். ஜே.சி. ரோடு கடைகளில் ஒருவர் மாருதி 800 ஃபேனே போதும் என்கிறார், இன்னொருவர் 16 அங்குல ஃபேனைக் காட்டுகிறார். பேட்டரியை சார்ஜ் செய்ய வண்டியில் இன்னும் பழைய டைனமோதான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ராஜாஜிநகர் பழையவண்டி:

ஐயா, ஓடும்போது சூடேறாமல் நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது என்று நீங்கள் கவனித்துச் சொன்னதே பாதி விடை. இதற்கு நேர்மாறாக, வேகத்தில் சூடேறியிருந்தால் அடைப்பையோ வாட்டர் பம்பையோதான் சந்தேகிக்க வேண்டும். எந்த ஃபேனும் அதைத் தீர்க்காது. உங்கள் வண்டியில் எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க மெதுவாக ஓடிக்கொண்டு, இருக்கும்போது பெல்ட் ஃபேனும் மெதுவாகவே சுற்றுவதால் காற்றுப் போதவில்லை. மின்சார ஃபேன் எஞ்சின் வேகத்தைப் பொருட்படுத்தாமல் முழு வேகத்தில் சுற்றும் என்பதால், உங்கள் எண்ணம் சரியானதே.

ஆனால் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றோட்ட அளவு பெரும்பாலும் ரேடியேட்டர் எதுவும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. நெருக்கமான தகடுகளின் வழியாக இழுக்க நேரும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். அதைவிட முக்கியம், ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, காற்றை ஃபேனுக்குத் திருப்பும் ஷ்ரவுட் என்ற கூடு. அது இல்லாவிட்டால் ஃபேனின் வட்டத்துக்கு நேரே இருக்கும் பகுதி மட்டுமே குளிரும், மூலைகள் வீணாகும். ஷ்ரவுட் இல்லாத 16 அங்குல ஃபேனைக் காட்டிலும், டிங்கரிங் கடையில் தகட்டில் ஷ்ரவுட் அடித்துப் பொருத்திய 12 அல்லது 14 அங்குல ஃபேனையே நான் தேர்ந்தெடுப்பேன். மாருதி 800 ஃபேன் 796 சிசி எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் எஞ்சின் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் அதைத் தனியாக நம்ப வேண்டாம்.

சிவாஜிநகர் எலக்ட்ரீஷியன்:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் இந்த வண்டியில் முதல் தடை டைனமோதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்காலத்து டைனமோ முழு வேகத்திலேயே சுமார் 22 ஆம்பியர்தான் தரும், ஐடிலிங்கிலோ ஏறக்குறைய எதுவுமே தராது. 12 அங்குல ஃபேன் ஒன்று 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், சுற்றத் தொடங்கும் நொடியில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இழுக்கும். மழைக்கால இரவில் ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்துகொண்டால், சிக்னலில் நிற்கும் நேரம் முழுவதும் பேட்டரிதான் சுமையைத் தாங்க வேண்டும். எந்த நேரத்தில் ஃபேன் மிகவும் தேவையோ அந்த நேரத்தில்தான் டைனமோ கைவிடும் என்பதால், முதலில் ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டருக்கு மாறுங்கள், ஃபேனைப் பிறகு வாங்கலாம். 

ஒயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக 4 சதுர மி.மீ. ஒயரில் மின்சாரம் வரட்டும். டாஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை இயக்க மட்டுமே பயன்படட்டும். பேட்டரியின் நேர்முனை பாடியில் இணைக்கப்பட்ட மிகப் பழைய வண்டியாக இருந்தால், ஆல்டர்நேட்டர் பொருத்தும் முன் அந்த இணைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆல்டர்நேட்டரை முதலில் மாற்றிவிடுகிறேன். ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? எந்த வெப்பத்தில் அது இயங்கத் தொடங்க வேண்டும்?

ராஜாஜிநகர் பழையவண்டி:

பின்னால், அதாவது எஞ்சின் பக்கம் வைத்துக் காற்றை இழுக்கச் செய்வதே நல்லது. முன்னால் வைத்தால் ஓடும்போது வரும் இயற்கைக் காற்றை ஃபேனே மறைத்துவிடும். பழைய ஃபேனைக் கழற்றிய பிறகு வாட்டர் பம்ப் புல்லிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்துகொண்டு, மோட்டாரின் தடிமன் அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்த பின்பே பணம் கொடுங்கள். தெர்மோஸ்டாட் 82 பாகை செல்சியஸில் திறப்பது என்றால், ஃபேன் 92 பாகையில் தொடங்கி 87 பாகையில் நிற்கட்டும். இவ்விரண்டும் மிக நெருங்கியிருந்தால் ரிலே ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். 

நம் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் சோதியுங்கள். 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) மூடி அழுத்தத்தை ஒழுங்காகத் தாங்கினால் கொதிநிலை 109 பாகை வரை உயரும்.

சிவாஜிநகர் எலக்ட்ரீஷியன்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதிர்வில் அது குழாயையே அறுத்துவிடும். ஷ்ரவுட்டை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரில் பக்கம் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்; வெளியே தள்ளப்பட்டால் மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள்.